கை சரியானால்தான் கணக்குத் தீரும்

2023 தை மாதம். பொங்கல் கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சோழவந்தானுக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாசனம் உள்ள ஒரு கிராமம். இரண்டரை ஏக்கர் நெல், வரப்போரம் கொஞ்சம் தென்னை, ஆறு கறவை மாடுகள் என்று பிழைக்கும் ஒரு விவசாயியின் தொழுவம். ஊரில் அவரை ‘மாட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள்.

அந்தத் தொழுவத்துக்கு ஏழு வருஷமாக வேலைக்கு வரும் அம்மாவுக்கு வயது 45. சாணி அள்ளுவது, மாடு குளிப்பாட்டுவது, புல் அறுத்து வந்து வெட்டிப் போடுவது எல்லாம் அவர்தான். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மல்லிகைப் பூக் கட்டிக் கொடுப்பதில் கைச்செலவுக்குக் கொஞ்சம் வரும்.

அன்று காலை கோ-4 கம்பு நேப்பியர் புல் பனியில் நனைந்து கிடந்தது. மின் மோட்டார் பூட்டிய தீவனம் வெட்டும் இயந்திரத்தில் ஈரப்புல் உருளைக்கு முன்னால் சிக்கிக்கொண்டது. சிக்கினால் கையால் ஒரு தள்ளு தள்ளுவது அவருக்குப் பழக்கம். அன்றும் தள்ளினார். புல்லோடு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளே போயின. சத்தம் கேட்டு மாட்டுக்காரர் ஓடிவந்து மெயினை இறக்கினார்.

அந்த இயந்திரத்தின் உருளைக்கு மேலே ஒரு தகர மூடி இருந்திருக்க வேண்டும். வாங்கும்போது இருந்தது. புல் அடைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் திறந்து மூடுவது தொல்லை என்று கார்த்திகை மாதமே அதைக் கழற்றித் தொழுவத்து விட்டத்தில் செருகி வைத்திருந்தார் மாட்டுக்காரர்.

காப்பித்தூளும் பச்சைத்துணியும்

பக்கத்து வீட்டில் இருந்து ஒருவர் காப்பித்தூள் டப்பாவோடு வந்தார். நல்லவேளையாக, மாட்டுக்காரரின் மனைவி அதை வைக்க விடவில்லை. சுத்தமான வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, கையை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி 108-ல் ஏற்றினார்கள். காப்பித்தூள், மஞ்சள், சாணிப்புகை எதை வைத்தாலும், அறுவை செய்யும் மருத்துவர் முதலில் அதைக் கழுவி எடுக்கத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். காயத்தில் சீழ் பிடிக்கவும் அதுவே காரணமாகும்.

சோழவந்தான் அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விரல் துண்டாகவில்லை. ஆனால் இரண்டு விரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்திருந்தன. ஊரில் இதைத்தான் ‘நரம்பு அந்துபோச்சு’ என்பார்கள். உணர்ச்சி தரும் நரம்பு வேறு, எலும்பையும் தசையையும் கட்டும் இந்த நாண் வேறு. அறுவை செய்து தைத்தார்கள். மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரு தாங்கி வைத்துக் கட்டி, சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு மருத்துவமனை என்பதால் அறுவைக்குச் செலவில்லை. மாட்டுக்காரர் வெளியில் வாங்கிய மருந்துக்கும் சாப்பாட்டுக்குமாக 5,000 ரூபாய் கொடுத்தார். தன் கடமை முடிந்தது என்றே அவர் நினைத்தார்.

சீட்டில் கடைசி வரியாக மருத்துவர் எழுதியிருந்தது ‘இயன்முறை சிகிச்சை’. அதைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தைத்த நாண் தானாக ஓடாது

சைக்கிள் பிரேக் ஒயரை நினைத்துப் பார்த்தால் இது புரியும். உறைக்குள் ஒயர் வழுக்கி ஓடினால்தான் பிரேக் பிடிக்கும். உள்ளே துரு ஏறி ஒட்டிக்கொண்டால் கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நிற்காது. விரலை மடக்கும் நாணும் அப்படி ஓர் உறைக்குள்தான் ஓடுகிறது. தைத்த இடம் ஆறும்போது நாண் நாணோடு மட்டும் ஒட்டுவதில்லை, சுற்றியுள்ள உறையோடும் ஒட்டப் பார்க்கும். அசைக்காமல் வைத்திருந்தால் ஒட்டிப் போகும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் விட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவில், எந்த வாரத்தில் எவ்வளவு அசைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் சொல்வதுதான் இயன்முறை சிகிச்சையாளரின் வேலை.

பொதுவாக முதல் ஆறு வாரம் தாங்கி இருக்கும். அதற்குள்ளேயே, அறுவை நடந்த சில நாட்களில், மற்றக் கையால் பிடித்து விரலை மெல்ல மடக்கி விடும் பயிற்சி தொடங்கிவிடும். பிறகு தானாக மடக்குவது, அப்புறம் பஞ்சு உருண்டையை அழுத்துவது, கடைசியில் பாரம் தூக்குவது. முழு வேலைக்குத் திரும்ப மூன்று மாதமாவது ஆகும். இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டுப் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடங்க முடியாது. இறுகிப் போனதைத் தளர்த்தவே பல வாரம் ஓடும்.

அந்த அம்மா இரண்டு வாரம் போனார். பிறகு நின்றுவிட்டார்.

பஸ்ஸுக்குக் காசு இல்லை என்பது காரணமில்லை. 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனால் பஸ் மாறிக் கோரிப்பாளையம் போய், வரிசையில் நின்று, அரை மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்பினால் பகல் போய்விடும். கணவருக்கு லோடு ஏற்றும் வேலை, கிடைத்தால் உண்டு. மகள் பிளஸ் டூ. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை. வலது கையில் கட்டோடு, இடது கையால் செய்ய முடிந்த வேலைக்கெல்லாம் அவர் போகத் தொடங்கினார். வலி இல்லையே, தையல் பிரித்தாயிற்றே, இனி கை தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

பங்குனி பிறக்கும்போது விரல்கள் இரண்டும் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன.

இரண்டு வீட்டிலும் யோசனை சொன்னவர்கள்

மாட்டுக்காரரின் மச்சான் வந்து சொன்னார்: “மாமா, இன்னும் ஒரு ரூவா குடுத்தாலும் நீங்க தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். மூடியை அந்தம்மாதான் கழட்டுச்சுன்னு சொல்லிருங்க. யாரு பார்த்தா?”

அந்த அம்மாவின் அண்ணன் அங்கிட்டு வேறு மாதிரி சொன்னார்: “கையை அப்படியே வச்சிரு. டாக்டர்ட்ட போயி மடக்கி மடக்கிச் சரியாக்கிட்டு வந்தேன்னா அப்புறம் என்னத்தைக் கேக்கறது? பெரிய தொகையாப் பேசி வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கிருவோம்.”

இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேரும் தங்கள் ஆளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். இதற்கு நடுவில் நாள் போய்க்கொண்டிருந்தது. நாள் போகப் போக விரல் இறுகிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் மாட்டுக்காரரின் மனைவி, பால் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். திண்ணையில் ஒரு கூடை மல்லிகை மொட்டு. மகள் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரம். புத்தகம் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

“ஏத்தா, பிள்ளையைப் படிக்க விடலையா?”

“நான் கட்டுவேன் மதினி. நாரு விரல்ல நிக்க மாட்டேங்குது.”

பூக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும், அந்த வேலை முழுக்க ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும்தான் இருக்கிறது. மொட்டைச் சேர்த்துப் பிடித்து, நாரைச் சுற்றிக் கண்ணி போட்டு இழுக்க வேண்டும். அந்த அம்மா செய்து காட்டினார். நார் வழுக்கி விழுந்தது. பூ தரையில் சிதறியது. மாட்டுக்காரரின் மனைவி எதுவும் பேசாமல் பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டே வார்த்தைதான் சொன்னார். “மூடியைக் கழட்டுனது நீங்க. அந்தக் கைக்கு நாமதான் பதில் சொல்லணும்.”

தொழிலாளர் அலுவலகத்தில்

அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் பட்டா வேலையாகப் போன மாட்டுக்காரர், அங்கே ஒரு மேஜையில் இதையும் கேட்டார். அவரைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மறுநாள் அந்த அம்மாவையும் அவர் கணவரையும் கூட்டிக்கொண்டே போனார். மச்சான் இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அங்கே தெரிந்துகொண்ட விஷயங்கள் ஒவ்வொரு சிறு விவசாயிக்கும், விவசாயக் கூலிக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் சட்டம் 1923-ல் வந்தது. மில்லுக்கும் ஃபேக்டரிக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிராக்டர், மின்சாரம் அல்லது எஞ்சினால் ஓடும் கருவி கொண்டு செய்யும் விவசாய வேலையும் அதன் பட்டியலில் உண்டு. தினக்கூலி, சீசன் கூலி என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. வேலை கொடுத்தவர் பெரிய பண்ணையா, இரண்டு ஏக்கர்க்காரரா என்று சட்டம் பார்ப்பதில்லை. மின்சாரத்தில் ஓடும் தீவன இயந்திரத்தில் வேலை செய்த அந்த அம்மா இதற்குள் வந்தார்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அரிசி ஆலை போன்ற இடங்கள் என்றால் அது ஈ.எஸ்.ஐ. வழி. அங்கே அடையாள அட்டை உள்ளவர் மதுரை தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித்தொகையும் பெறலாம். ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு அந்த வழிதான், இந்தச் சட்ட வழி இல்லை. வயல் வேலைக்கு ஈ.எஸ்.ஐ. இல்லாததால் பொறுப்பு நேராக வேலை கொடுத்தவர் தலையில் வருகிறது.

பொறுப்பு மூன்று வகை. முதலாவது, சிகிச்சைக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவு. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தனியாகச் சேர்த்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இயன்முறை சிகிச்சையும் சிகிச்சைதான். சீட்டும் ரசீதும் வேண்டும். மருத்துவத்துக்குக் கொடுத்த பணத்தை இழப்பீட்டுத் தொகையில் கழித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கான தொகை. அரை மாதத்துக்கு ஒரு தடவை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு அரை மாதத்துக்கு 3,000, மாதத்துக்கு 6,000. அதாவது பாதிச் சம்பளம். அதிகபட்சம் ஐந்து வருஷம் வரை.

மூன்றாவது, சிகிச்சை முடிந்த பிறகும் கையில் குறை நின்றுவிட்டால் அதற்கான மொத்தத் தொகை. இதைக் கேட்டபோதுதான் மாட்டுக்காரருக்கு வேர்த்தது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு அந்த எண் 169.44. ஆக, 7,200 ரூபாயை 169.44 ஆல் பெருக்கினால் 12,19,968 ரூபாய். இது முழுக்க வேலை செய்ய முடியாமல் போனவருக்கு. 20 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் 2,43,994 ரூபாய்.

“சார், என் ஆறு மாட்டையும் வித்தாலும் வராதே” என்றார் மாட்டுக்காரர்.

அதிகாரி கேட்டார்: “அந்தம்மாவுக்குச் சிகிச்சை முடிஞ்சிருச்சா?”

முடியவில்லை. பாதியில் நிற்கிறது. சிகிச்சை முடியாமல் எத்தனை சதவீதம் என்று யாரும் எழுத முடியாது, முதலில் கையைப் பாருங்கள் என்றார் அவர்.

பிறகு இன்னும் இரண்டு கேள்வி. சம்பளம் எவ்வளவு? கையில் பதிவேடு இல்லை, ரசீது இல்லை. குறைத்துச் சொல்லியிருந்தால் மறுக்க அந்த அம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. இயந்திரத்துக்கு மூடி இருந்ததா? தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கு வைத்த மூடியைத் தெரிந்தே அவரே கழற்றியிருந்தாலோ, சாவும் நிரந்தர முழு ஊனமும் அல்லாத காயங்களுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பில் இருந்து விலக இடம் உண்டு. மச்சான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

மாட்டுக்காரர் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பன்னெண்டாயிரம் சம்பளம் சார். மூடியை நான்தான் கழட்டுனேன்” என்றார். அந்த அம்மா தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

விரல் எண்ணிக்கை வேறு, வேலைத் திறன் வேறு

சட்டத்தின் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீதம் என்று உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஒரு கையின் இரண்டு விரல் போனால் 20 என்று போகும். விரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை என்றால் அட்டவணை போதாது. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் வழிகாட்டியாகச் சொல்லப்படும் ஒரு தீர்ப்பு உண்டு. வேலை செய்யும்போது விழுந்து இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கு அது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு ஏற்பட்டது முழு ஊனமே என்று கணக்கிட்டதை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உடம்பில் எவ்வளவு போனது என்பதோடு, செய்துவந்த தொழிலில் எவ்வளவு போனது என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். புல் அறுக்கும், பால் கறக்கும், பூக் கட்டும் கைக்கு இரண்டு விரல் மடங்காவிட்டால் அது சின்னக் குறை இல்லை.

இங்கேதான் அந்த அம்மாவின் அண்ணன் சொன்ன யோசனை உடைகிறது. கையை வேண்டுமென்றே கெடுத்து வாங்கும் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 45 வயதுக்குப் பின் உழைக்கப் போகும் பதினைந்து இருபது வருஷக் கூலிக்கு முன்னால் அது சின்னத் தொகைதான். மச்சான் சொன்ன யோசனையும் இங்கேதான் உடைகிறது. சிகிச்சைக்குக் கொடுக்கத் தயங்கும் சில ஆயிரத்தால் ஊனம் கூடி, கடைசியில் லட்சமாக வந்து நிற்கும். ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்ததாகத் தெரிந்தால் பாதித் தொகை வரை அபராதமும் சேரலாம். இரண்டு வீட்டுக்கும் லாபமான ஒரே காரியம், கை சரியாவதுதான்.

வெள்ளைத்தாள் விஷயமும் அப்படியே. ‘இவ்வளவு வாங்கிக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று ஊரில் எழுதி வாங்குவது செல்லாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதினாலும் சட்டம் அதை ஏற்காது. பேசி முடிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளர் துறையில் அந்தப் பொறுப்பில் உள்ள அதிகாரிதான் ஆணையர். பதிவு செய்யாவிட்டால், கொடுத்த பிறகும் முழுத் தொகைக்கான பொறுப்பு கொடுத்தவர் தலையிலேயே நிற்கும்.

நான்கு மாதம்

பங்குனி கடைசியில் சிகிச்சை மறுபடி தொடங்கியது. வாரம் மூன்று நாள் மதுரைக்கு. மாதம் 6,000 ரூபாயை மாட்டுக்காரர் இரண்டு தடவையாகக் கொடுத்தார். விட்டுப்போன இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே கொடுத்தார். கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இடது கைக் கையெழுத்து.

முதல் மூன்று வாரம் வலிதான் மிச்சம். சூடான மெழுகில் கையை முக்கி எடுத்து, இறுக்கம் தளர்ந்ததும் ஒவ்வொரு கணுவாக மடக்கி விடுவார்கள். கண்ணில் தண்ணீர் வரும். “விட்டுப்போன வாரத்துக்கு வட்டி கட்டுறீங்கம்மா” என்று சிகிச்சையாளர் சொல்லிச் சிரிப்பாராம். வீட்டில் ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக: விரலை நேராக நீட்டுவது, கொக்கி போல மடக்குவது, முழுக்க மூடுவது. ஒரே தடவையில் அரை மணி நேரம் முறுக்குவதைவிட, மணிக்கு ஒரு தடவை பத்து முறை செய்வது மேல் என்று சொல்லியிருந்தார்கள். கையை எப்போதும் தொங்கப் போடக் கூடாது, வீங்கும். வீங்கினால் மடங்காது.

மதுரைக்குப் போகாத நாட்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. இது பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு மட்டும் என்று கிராமத்தில் நினைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம செவிலியரிடம் கேட்டுப் பதிவு செய்தபின், சிகிச்சையாளர் அந்த ஊருக்கு வரும் நாளில் இங்கும் வந்தார். பயிற்சி சரியாக நடக்கிறதா என்று பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது.

வைகாசியில் பஞ்சு உருண்டை. ஆனியில் கோதுமை மாவு பிசைவது, முறத்தில் கொட்டிய நிலக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது. பிறகு அந்த அம்மாவே கேட்டார், பூக் கட்டட்டுமா என்று. தாராளமாக, இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்றார்கள். முதல் நாள் ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆனது.

ஆடியில் மருத்துவர் பார்த்தார். ஆள்காட்டி விரல் நன்றாக மடங்கியது. நடுவிரல் உள்ளங்கையைத் தொட அரை விரற்கடை பாக்கி. பிடி பலம் மற்றக் கையைவிடக் குறைவு. இதற்கு மேல் பெரிய மாற்றம் வராது என்று சொல்லி, திறன் இழப்பு 8 சதவீதம் என்று சான்று கொடுத்தார். கணக்குப்படி 97,597 ரூபாய்.

சிறு விவசாயிக்கு அதுவும் சின்னத் தொகை இல்லை. மாட்டுக்காரர் ஒரு கறவை மாட்டை விற்றார். மிச்சத்துக்கு மனைவியின் சங்கிலியைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்தார். ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்து, பணம் அங்கே வழியாகவே போனது. மச்சான் நாலு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த அம்மாவின் அண்ணனுக்கும் வருத்தம்தான், இன்னும் கேட்டிருக்கலாம் என்று.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

இவ்வளவுக்கும் காரணம் விட்டத்தில் செருகிய ஒரு தகர மூடி. கதிரடிக்கும் இயந்திர விபத்துகளில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. தீவன இயந்திரமும் அதே குணம் கொண்டது: கை இழுபடும், விடாது. மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. சிக்கிய புல்லைத் தள்ள ஒரு முழ நீளக் கம்பு எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எடுக்க வேண்டுமென்றால் முதலில் சுவிட்சை அணைத்து, சக்கரம் நின்ற பிறகுதான். சுவிட்ச், புல் தள்ளுகிறவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வளையல், தொங்கும் முந்தானை, தளர்ந்த சட்டைக் கை ஆகாது. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், அவசரத்தில் அந்த வேலை வேண்டாம்.

வேலைக்கு ஆள் வைப்பவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், தேதி, கூலி எழுதி வைத்தால் அது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உண்டு. எடுக்கும்போது மருத்துவச் செலவும் சேர்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், பல நேரம் அது தனியாகச் சேர்க்க வேண்டியது. டிராக்டர் விபத்து என்றால் வண்டிக் காப்பீட்டையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், இழப்பீட்டுச் சட்டம் இரண்டில் ஏதாவது ஒரு வழியில்தான் கேட்க முடியும். கையால் செய்யும் வயல் வேலையில் விபத்து என்றால், 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு உதவி உண்டு. நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு விவசாயிகளும், விவசாயக் கூலிகளும் அதில் சேரலாம். அட்டை இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றே கேட்டு வைப்பது நல்லது.

அடிபட்டவர் செய்ய வேண்டியது: விபத்தை உடனே வேலை கொடுத்தவருக்குத் தெரிவிப்பது, மருத்துவமனைச் சீட்டில் ‘வேலையில் இயந்திரத்தில் அடிபட்டது’ என்று எழுதச் சொல்வது, ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துவது, பயிற்சியை ஒரு நாளும் விடாமல் செய்வது. பேச்சில் தீராவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். குடியிருக்கும் பகுதிக்கு உரிய ஆணையரிடமே போடலாம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்தப் பகுதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே மனுப் போடும்போது அன்றைய விதியையும் தொகையையும் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அந்த அம்மா ஆவணியில் வேலைக்குத் திரும்பினார். இப்போது ஐந்து மாடுதான். பால் கறப்பதை மாட்டுக்காரரும் அவர் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள், பிடிக்கு இன்னும் பலம் வரவேண்டும் என்பதால். இயந்திரத்தின் மூடி பழைய இடத்தில் இருக்கிறது. கழற்ற முடியாதபடி போல்ட் வைத்து முடுக்கியிருக்கிறார். பனி நாளில் புல் சிக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் மெயினை இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து எடுப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விடுகிறது.

“நேரமாகுதுல்ல?” என்று ஒரு நாள் பால் வண்டிக்காரர் கேட்டார்.

“ஆகட்டும்” என்றார் மாட்டுக்காரர்.